எக்ஸ்ரேயும் மீன் வேனும்

போன வருஷம், சீனப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். சிரம்பானில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கடைசியாக வந்து நிற்கிற இடம் அது. ரத்தம், சிறுநீர், கண், நெஞ்சு எக்ஸ்ரே. எல்லாம் சரி என்று தாளில் முத்திரை விழுந்தால் வேலை விசா வந்துவிடும்.

வளைகுடா நாடு ஒன்றில், ஆரம்பப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை. எனக்கு முப்பத்து மூன்று வயது. பத்து வருஷமாக இங்கே பாலர் பள்ளியிலும் டியூஷன் வகுப்பிலும் கத்திக் கத்தித் தொண்டை போனவள் நான். வேலை செய்துகொண்டே படித்துப் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. அங்கே மதித்தார்கள். இணையம் வழியாக மூன்று நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டச் சான்றிதழில் இரண்டு அலுவலகத்து முத்திரை, போலீஸ் நன்னடத்தைக் கடிதம், பிறப்புப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு என்று நான்கு மாதம் அலைந்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கியிருந்தேன். பெட்டிகூட வாங்கிவிட்டேன். டியூஷன் பிள்ளைகளிடம் போய்வருகிறேன் என்று சொல்லியும் விட்டேன்.

டாக்டர் கூப்பிட்டார். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்திருந்தார்.

"முன்பு உங்களுக்குக் காசநோய் இருந்ததா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். வலது நுரையீரலின் மேல்பக்கத்தைக் காட்டினார். நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு கீறல். பழைய தழும்பு, சின்ன வயதில் வந்து ஆறியிருக்க வேண்டும் என்றார். உங்கள் மெஷினில் கோளாறு என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து கவுண்டரில் இருந்த பெண்ணிடம், வேறு ஒருத்தியின் படத்தை என் பெயரில் மாட்டிவிட்டாய் என்று சத்தம் போட்டேன். பாவம், அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. மறுபடி படம் எடுத்தார்கள். அதே இடத்தில் அதே கீறல்.

இப்போது நோய் இல்லை. யாருக்கும் தொற்றாது. ஆனால் அந்த நாட்டுச் சட்டத்துக்கு அதெல்லாம் பேச்சில்லை. தழும்பு இருந்தாலே விசா கிடையாது. ஒரே ஒரு வழி இருப்பதாக டாக்டர் சொன்னார். அப்போது முழுசாக மருந்து சாப்பிட்டு முடித்ததற்கு ஆவணம் இருந்தால், மேல்முறையீடு செய்து பார்க்கலாம். பள்ளிக்கு எழுதிக் கேட்டேன். பத்து நாள் இடத்தைப் பிடித்து வைக்கிறோம், அதற்குமேல் முடியாது என்று பதில் வந்தது.

சின்ன வயதில் எனக்கு என்ன வந்தது என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். என் அம்மா. அவரிடம் போய் எதையும் கேட்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள் நான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாலு வயதில் அப்பா இறந்துவிட்டார். நாங்கள் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தோம். எங்கள் லயத்துக்குத் தினமும் காலையில் மீன் வேன் வரும். ஓட்டி வருபவர் பக்கத்து ஊரான லுக்குட்டைச் சேர்ந்த ஒரு சீனர். தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். முதலாளி என்று அர்த்தம். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி நம்மைப் போலவே தமிழ் பேசுவார். ஒரு காலத்தில் என் அம்மா காலை வேலைக்குப் போகாமல் வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோரிடம் கெஞ்சி மத்தியான வேலைக்கு மாற்றிக்கொண்டார். காலையில் மீன் விற்று முடிந்ததும் அந்த வேனில் ஏறி லுக்குட்டுக்குப் போவார். பதினொரு மணிக்குப் பஸ்ஸில் திரும்பி வருவார். புருஷன் இல்லாத பெண். ஊர் என்ன பேசியிருக்கும்? பேசியது. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, பள்ளி பஸ்ஸில் ஒருத்தி எல்லார் முன்னாலும் என்னை 'மீன்காரன் மவ' என்றாள். பஸ்ஸே சிரித்தது.

அன்றிலிருந்து அம்மாவோடு நான் சரியாகப் பேசியதில்லை. ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுவேன். பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் முடித்ததும் சிரம்பானில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். பிறகு தீபாவளிக்கு ஒரு நாள், பொங்கலுக்கு ஒரு நாள். அவர் சமைத்ததைச் சாப்பிடுவேன், கிளம்பிவிடுவேன். மீன் வைத்தால் தொடமாட்டேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

இப்போது சிரம்பானிலிருந்து மோட்டாரில் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து செம்பனை ஓலையிலிருந்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குச் சின்னதுல டீபி இருந்துச்சா?"

சீவிய கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"எக்ஸ்ரே சொல்லுது."

"இத்தன வருஷம் கழிச்சுமா அதுல தெரியும்?"

"தெரியுதுல்ல. இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு. ஆறு வயசுல. ஆறு மாசம் மருந்து சாப்ட்ட, நல்லாயிருச்சு. உங்கப்பா போனதும் அதுலதான். குடிச்சுக் குடிச்சுச் செத்தான்னு ஊரு சொல்லுச்சு. நானும் சரின்னுட்டேன்."

அப்பாவைக் குடிகாரர் என்று நானும்தான் நினைத்திருந்தேன். அப்போது அதில் நிற்க எனக்கு நேரமில்லை. எனக்கு வேண்டியது ஆவணம்.

"கிளினிக்ல புக்கு குடுத்திருப்பாங்களே, அது எங்க?"

"எரிச்சிட்டேன்."

"எப்ப?"

"நீ பெரிய மனுஷியான வாரம். பகாவுலேருந்து உங்க அத்தைங்க எல்லாம் சடங்குக்கு வர்றாளுங்க. அலமாரிய நோண்டாம இருப்பாளுங்களா? உனக்குத் தண்ணி காய வச்ச அடுப்புலயே போட்டுட்டேன். பொட்டப் புள்ளைக்கு நெஞ்சுல நோவுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

எவனும் கட்டவில்லை என்பது வேறு கதை. ஆறு மாதம் ஒவ்வொரு மாத்திரைக்கும் மிஸ்ஸி, அதாவது கிளினிக் நர்ஸ், கையெழுத்துப் போட்ட புத்தகம் அது. கடைசிப் பக்கத்தில் முடிந்தது என்று முத்திரை இருந்ததாம். அந்த ஒரு பக்கம் போதும், எனக்கு விசா வந்திருக்கும். அதை என் சடங்குத் தண்ணீருக்கு அடுப்பெரித்திருக்கிறார்.

நான் கத்தியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. நீ ஒரு தாயா என்று கேட்டேன். பக்கத்து வீட்டு வங்காளதேசி ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்திருந்ததையும் கடைசியில் கொட்டினேன்.

"மீன்காரன் வேன்ல ஊரு சுத்த நேரம் இருந்துச்சில்ல, ஒரு புக்க பத்திரமா வைக்க முடியலயா ஒனக்கு?"

அம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. மடியில் கிடந்த ஓலைத் தூசியைத் தட்டிவிட்டார்.

"அந்த வேன்ல நீயுந்தானே வந்த," என்றார். "மடியில ஒக்காந்து வந்தியே. நெனப்பில்லயா? அதுலதான் ஒன்ன மருந்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். வேணும்னா போயி தவுக்கேயக் கேளு. பாசார்லதான் இருப்பாரு."

மோட்டாரை எடுத்துக்கொண்டு லுக்குட் பக்கம் போனேன். பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஞாபகம் வந்துவிட்டது. வேனின் முன் சீட்டில் ஐஸ் வாடை. என் கால் சில்லிட்டுப் போகும். பெரிய பெரிய மாத்திரை, முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டு என்று ஒரு மிஸ்ஸி சொல்வார். பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகும். நான் பயந்து அழுவேன். 'சிரப் தண்ணி குடிச்சல்ல, அதாண்டி' என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். ரோஸ் சிரப் குடித்தால் அப்படித்தான் போகும் என்று நான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மருந்து சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகத்தான் போகுமாம். எல்லாமே எனக்குள்தான் இருந்திருக்கிறது. ஒரு நாளாவது சேர்த்துப் பார்க்கவில்லை.

லுக்குட் சந்தையான பாசாரில் தவுக்கே தன் மகனின் மீன் கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல வயதாகிவிட்டது. தோட்டத்தின் பெயரையும் அம்மாவின் பெயரையும் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அய்யோ, மாத்திரை பாப்பா! இவ்ளோ பெரிசா ஆயிட்டியா? என் வேன்ல ரெண்டு தரம் வாந்தி எடுத்த நீ. இன்னும் கழுவிக் குடுக்கல, தெரியுமா?"

நான் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் முகமும் மாறிவிட்டது.

முதல் இரண்டு மாதம் தினமும், அப்புறம் வாரத்தில் மூன்று நாள் அவர்தான் கூட்டிப் போயிருக்கிறார். பஸ்ஸில் போனால் தோட்டத்து ஆள் யாராவது இருப்பார்கள், கிளினிக் வாசலில் இறங்கினால் கேட்பார்கள். வேன் என்றால் கிளினிக்குக்குப் பின்புறமே நிற்கும். அதற்காகத்தான் வேன்.

"ஊர்ல பேசுனது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? என் பொண்டாட்டிக்கே சேதி வந்துச்சு. மீன் கொட்டுற தகரப் பேசின் ஒண்ண எடுத்து வீசுனா. இதோ பாரு." நெற்றி ஓரத்தில் ஒரு வடுவைக் காட்டினார். "அவகிட்ட மட்டும் உண்மைய சொல்லிட்டேன் லா. இல்லன்னா உயிரு போயிருக்கும். 'தங்கச்சி, லயத்துல வந்து நானே எல்லாருக்கும் சொல்றேன்'னு உங்கம்மாகிட்டயும் சொன்னேன். கை எடுத்துக் கும்பிட்டுச்சு. 'என்ன வேணும்னாலும் பேசட்டும் தவுக்கே. அது என்னோட போயிரும். நோவுன்னு சொன்னா அது புள்ளைய ஒட்டிக்கும்'னுச்சு. நான் என்னா செய்ய? வாய மூடிக்கிட்டேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் பத்து நாளில் ஒரு நாள் முடிந்துவிட்டது. வெட்கமில்லாமல் அவரிடமே உதவி கேட்டேன். மறுநாள் சட்டை மாட்டிக்கொண்டு, மகனின் கைத்தாங்கலில் வந்தார். சத்தியப் பிரமாண அதிகாரி முன்னால் உட்கார்ந்து, இந்தப் பிள்ளையை ஆறு மாதம் நான்தான் கிளினிக்குக்கு ஏற்றிப் போனேன், மருந்து முடிந்த நாளில் தாயும் பிள்ளையும் பிஸ்கட் வாங்கி வந்து எனக்குக் கொடுத்தார்கள் என்று எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டார். கிளினிக்கில் கேட்டேன். அவ்வளவு பழைய பதிவு இருக்காது என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நெஞ்சு நோய் நிபுணர் ஒருவரிடம் சளிப் பரிசோதனை செய்து, நோய் இல்லை, தழும்பு பழையது என்று கடிதம் வாங்கினேன். எல்லாவற்றையும் சேர்த்து எட்டாம் நாள் மேல்முறையீட்டுக்கு அனுப்பினேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. மருத்துவத் தகுதி இல்லை. சிகிச்சைக்கான மருத்துவ ஆவணம் இல்லாததால் மேல்முறையீட்டை ஏற்க முடியாது. ஒரு மீன்காரரின் வார்த்தையை யார் மதிப்பார்கள்? என் ஊரே அவர் சொல்லாததை நம்பியது. அந்த நாடு அவர் சொன்னதை நம்பவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனேன். அந்தப் பத்து நாளும் அவருக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. அலைச்சல் என்று சொல்லிக்கொண்டேன். பொய். அவர் முகத்தைப் பார்க்கப் பயம்.

"விசா இல்லன்னுட்டாங்க," என்றேன்.

"என்னாலதான்," என்றார். அதற்கு நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவரே பேச்சை மாற்றினார். "தவுக்கே எப்படி இருக்காரு? பல்லு இருக்கா?"

"ரெண்டு மூணு இருக்கு."

"பாவம். அப்பல்லாம் கரும்பு கடிப்பாரு."

நான் கேட்டேன். "ஊருக்குச் சொல்ல வேணாம். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒனக்கு வாயி ஓட்டை. ஸ்கூல் பஸ்ஸுல சொல்லிருப்ப."

"சின்னப் புள்ளையில சரி. பெரியவளானப்புறம்?"

அம்மா என்னைப் பார்த்தார். "பெரியவளானப்புறம் நீ எங்கிட்ட எங்கடி பேசின?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். மன்னித்துவிடு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யாரும் பேசிப் பழகாத வார்த்தை. அன்றைக்கும் அது வரவில்லை. அவர் அன்று கெம்போங் மீன் பொரித்து வைத்திருந்தார். இரண்டு துண்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒட்டிக்கொண்டோம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். பாதி நாள் சண்டை போட்டோம். கூரை ஒழுகுவதற்கு, பிரஷர் மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிடாததற்கு, நான் கத்தியதற்கு. எனக்கு மாத்திரை கொடுக்க வேன் ஏறிய மனுஷி, தன் மாத்திரையைச் சாப்பிட மறந்துவிடுவார். ஐந்து மாதம் அப்படிப் போனது. ஒரு காலையில் பக்கத்து வீட்டு வங்காளதேசிப் பையன் போன் செய்தான். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்குப் பழைய லயத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். பட்டணத்துக்குக் குடிபோனவர்களும் வந்தார்கள். உடலை எடுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது வாசலில் ஒரு கார் நின்றது. தவுக்கே இறங்கினார். மகன் பிடித்துக்கொள்ள, மெதுவாக நடந்து வந்து அம்மாவின் காலடியில் நின்று மூன்று தரம் குனிந்து கும்பிட்டார்.

எனக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருன்னு தெரியுதா? மீன்காரரு."

"இந்த வயசுலயுமாடி? விட்ட பாடில்ல பாரு."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். பள்ளி பஸ்ஸில் கேட்ட அதே சிரிப்பு.

நான் எழுந்து அவர்கள் பக்கம் திரும்பிவிட்டேன். சாவு வீட்டில் இப்படிப் பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

"எனக்கு டீபி இருந்துச்சு," என்றேன். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, வகுப்பில் பேசுகிற குரலில். "ஆறு வயசுல. எங்கப்பா செத்ததும் குடியில இல்ல, டீபிலதான். எங்கம்மா அந்த வேன்ல போனது என்னைய மருந்துக்குக் கூட்டிக்கிட்டு. வேற எதுக்கும் இல்ல. எம்மேல பேச்சு வரக்கூடாதுன்னு தம்மேல வாங்கிக்கிச்சு. இனிமே யாராச்சும் அதப் பத்தி வாயத் தொறந்தீங்க, செருப்பு பிஞ்சிரும்."

தவுக்கே தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், சடங்கில் எனக்கு மஞ்சள் பூசிவிட்டவர், சேலைத் தலைப்பை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். கொஞ்சம் பின்னாலும் நகர்ந்தார். இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு ஆறிப்போன நோய்க்கு.

அம்மா எதற்குப் பயந்தார் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவர் அத்தனை வருஷம் மூடி வைத்ததை, அவர் உடல் கிடக்கும்போதே நான் போட்டு உடைத்துவிட்டேன். சரியா தப்பா என்று தெரியவில்லை. உயிரோடு இருந்திருந்தால், வாயி ஓட்டை என்று இன்னொரு தரம் சொல்லியிருப்பார்.

விசா கிடைக்காதது நல்லதுக்குத்தான், அதனால்தானே அம்மாவோடு ஐந்து மாதம் கிடைத்தது என்று பலர் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அந்த வேலைக்குப் போயிருக்க வேண்டியவள் நான், அம்மாவும் இன்னும் இருபது வருஷம் இருந்திருக்க வேண்டியவர். இரண்டும் போய்விட்டது. இப்போதும் அதே டியூஷன் வகுப்பில்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒரு முறை லுக்குட் போய்த் தவுக்கேயைப் பார்க்கிறேன். கையில் காசு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறார். அன்றைக்கு வேன் கழுவிய கூலி என்று நான் மேசையில் வைத்துவிட்டு வருகிறேன்.

என் அம்மா இருபத்தேழு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது எனக்காக. நான் அத்தனை வருஷம் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்காமல் இருந்தது யாருக்காக என்று இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.